ஆய்வுக் கட்டுரையில் யார் பெயர், எந்த வரிசையில்? ஆய்வு மாணவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

"பேப்பர் போட்டாச்சா?" ஆராய்ச்சி மாணவரைப் பார்க்கிற எவரும் முதலில் கேட்கிற கேள்வி இதுதான். அந்தப் பேப்பரில் யார் யார் பெயர் வந்தது, எந்த இடத்தில் வந்தது என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் வேலை, பதவி உயர்வு, ஆய்வு நிதி என்று பின்னால் வருகிற எல்லாமே அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் வருகிறது.

நான் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்த காலத்தில், எங்கள் துறையில் கிணற்று நீரின் தரம் பற்றி ஓர் ஆய்வு நடந்தது. என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பர் இரண்டு கோடைக்காலம் ஊர் ஊராகப் போய் நீர் மாதிரி எடுத்தார். அமிலத்தில் அலசிக் காயவைத்த பாட்டில்கள், ஈரம் பட்டால் மை கரையும் என்று பென்சிலால் எழுதி ஒட்டிய சீட்டுகள், பேருந்தின் கடைசி இருக்கைக்கு அடியில் ஐஸ் வைத்த தெர்மோகோல் பெட்டி. இரண்டு கிணறுகளின் அளவுகள் மட்டும் மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை. கருவியில் கோளாறு என்று எல்லோரும் சொன்னபோது, அந்த இரண்டும் சாயப்பட்டறைக் கழிவு ஓடுகிற வாய்க்காலுக்குப் பக்கத்தில் இருப்பதைச் சொன்னவர் அவர்தான். கட்டுரையின் முக்கியமான முடிவே அதிலிருந்துதான் வந்தது. அச்சில் வந்தபோது 5 பெயர்கள் இருந்தன. அவர் பெயர் இல்லை. நன்றியுரையில் "மாதிரி சேகரிப்பில் உதவிய நண்பர்களுக்கு" என்று ஒரு வரி. அந்த ஐவரில் ஒருவர் கட்டுரையைப் படித்ததே இல்லை என்று பிற்பாடு தெரிந்தது.

அந்த நண்பருக்கு அன்றைக்கு எதைக் கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று தெரியாது. எனக்கும் தெரியாது. அன்று எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

ஒரு சொல்லை மட்டும் முதலில் முடிவு செய்துகொள்வோம். தமிழில் ஆசிரியர் என்றால் பாடம் நடத்துபவரும் ஆசிரியர், இதழை நடத்துபவரும் ஆசிரியர். குழப்பம் வேண்டாம். கட்டுரைக்கு உரியவராகப் பெயர் போடப்படுபவரை ஆய்வகத்தில் எல்லோரும் சொல்வதுபோல ஆத்தர் என்றே சொல்கிறேன்.

படி 1: யார் ஆத்தர் என்பதற்கான அளவுகோலைப் படியுங்கள்

1978-இல் கனடாவின் வான்கூவரில் சில மருத்துவ ஆய்விதழ்களின் ஆசிரியர்கள் கூடினார்கள். கட்டுரைகளை ஒரே வடிவத்தில் வாங்குவதற்காகத் தொடங்கிய அந்தக் கூட்டம்தான் இன்று மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழுவாக இருக்கிறது. ஆத்தர் யார் என்பதற்கு அவர்கள் வகுத்த விளக்கத்தை மருத்துவத்துக்கு வெளியிலும் பல துறைகள் எடுத்துக்கொண்டன. நான்கு நிபந்தனைகள், நான்கும் சேர்ந்தே பொருந்த வேண்டும்:

1. ஆய்வைக் கருக்கொள்வதிலோ வடிவமைப்பதிலோ, தரவைத் திரட்டுவதிலோ, பகுத்து விளக்குவதிலோ கணிசமான பங்கு.
2. கட்டுரையை எழுதியது, அல்லது அதன் அறிவுசார்ந்த உள்ளடக்கத்தை ஆழமாகத் திருத்தியது.
3. வெளியாகப்போகிற இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தந்தது.
4. வேலையின் எல்லாப் பகுதிக்கும் பொறுப்பேற்பது. எந்தப் பகுதியின் நேர்மை குறித்துக் கேள்வி வந்தாலும் அது முறையாக விசாரிக்கப்படுவதை உறுதி செய்வது.

நான்காவது நிபந்தனை 2013-இல் சேர்க்கப்பட்டது. என் பார்வையில் முக்கியமானது அதுதான். பாராட்டு வரும்போது ஐந்து பேர், பிரச்சினை வரும்போது "அந்தப் பகுதி அவர் செய்தது, எனக்குத் தெரியாது" என்று நழுவுகிற வழக்கத்துக்கு அது கதவை அடைக்கிறது.

முதல் நிபந்தனையில் தரவு திரட்டுவதும் இருப்பதைக் கவனித்தீர்களா? "அவன் சும்மா சாம்பிள்தானே எடுத்தான்" என்று ஒதுக்கிவிட முடியாது. கூடவே அதே வழிகாட்டுதலில் இன்னொரு வாசகமும் உண்டு, இதைப் பலர் படிப்பதில்லை. முதல் நிபந்தனைக்குத் தகுதி பெற்ற எவருக்கும் அடுத்த இரண்டையும், அதாவது வரைவைத் திருத்தவும் இறுதி ஒப்புதல் தரவும், வாய்ப்புக் கொடுத்தாக வேண்டும். வரைவை ஒருவருக்குக் காட்டாமலே வைத்திருந்துவிட்டு, "நீ எழுதவில்லை, அதனால் ஆத்தர் இல்லை" என்று சொல்வது விதியைத் தலைகீழாகப் பிடிப்பது. என் நண்பருக்கு நடந்தது சரியாக இதுதான்.

படி 2: ஆத்தர் அல்லாதவர்களை அடையாளம் காணுங்கள்

நிதி வாங்கித் தந்தது மட்டும், துறைக்குத் தலைவராக இருப்பது மட்டும், பொதுவாக மேற்பார்வை பார்த்தது மட்டும், ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுத்தது மட்டும், இவற்றில் எதுவும் தனியாக ஒருவரை ஆத்தர் ஆக்காது. இவர்களுக்கு உரிய இடம் நன்றியுரை. அதிலும் "நண்பர்களுக்கு நன்றி" போதாது. யார், என்ன செய்தார் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். உ.வே. சாமிநாதையர் தம் பதிப்புகளின் முகவுரைகளில் எந்தச் சுவடி எந்த ஊரில் யாரிடமிருந்து கிடைத்தது என்று பெயர் பெயராக எழுதினார். நன்றியுரை எழுத உட்காரும்போது அந்தப் பக்கங்களில் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள்.

செய்யாதவர் பெயரைச் சேர்ப்பதற்கு அன்பளிப்பு ஆத்தர் என்று பெயர். செய்தவர் பெயரை மறைப்பது நிழல் ஆத்தர். மருந்து நிறுவனம் ஆள் வைத்து எழுதிவிட்டு ஒரு பேராசிரியர் பெயரைப் போடும்போது இரண்டும் ஒன்றாக நடக்கின்றன.

அன்பளிப்பால் யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைப்பவர்களுக்கு ரால்ஃப் ஆல்ஃபரின் கதையைச் சொல்வேன். பிரபஞ்சத்தின் தொடக்கத்தில் தனிமங்கள் எப்படி உருவாயின என்பது அவருடைய முனைவர் பட்ட ஆய்வு. நெறியாளர் ஜார்ஜ் காமாவ். கட்டுரையை அனுப்பும்போது, ஆல்ஃபா, பீட்டா, காமா என்று கிரேக்க எழுத்துகள் போல ஒலிக்கட்டுமே என்று, ஆய்வில் பங்கே இல்லாத இயற்பியலாளர் ஹான்ஸ் பெத்தேயின் பெயரைக் காமாவ் நடுவில் சேர்த்தார். 1948 ஏப்ரல் 1 அன்று பிசிக்கல் ரிவ்யூ இதழில் அது வெளியானது. பெத்தே, காமாவ் இருவரும் அப்போதே உலகப் புகழ் பெற்றவர்கள். அந்த இரண்டு பெயர்களுக்கு முன்னால் ஒரு மாணவரின் பெயர் யார் கண்ணில் படும்? ஆல்ஃபருக்கு அந்த வருத்தம் கடைசிவரை இருந்தது. ஒரு சிலேடைக்காகச் சேர்த்த ஒரு பெயர், அவ்வளவுதான்.

படி 3: உங்கள் துறையில் வரிசைக்கு என்ன பொருள் என்று கேட்டறியுங்கள்

பெயர்ப் பட்டியலைப் படிக்க ஒரே இலக்கணம் கிடையாது, துறைக்குத் துறை மாறும்.

உயிரியல், வேதியியல், மருத்துவம் போன்ற துறைகளில் முதல் பெயர் வேலையின் பெரும்பகுதியைச் செய்தவருடையது, பெரும்பாலும் மாணவர். கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. நடுவில் வருபவர்களின் பங்கு குறைந்துகொண்டே போவதாக எடுத்துக்கொள்வார்கள். இரண்டு பேர் சமமாக உழைத்திருந்தால் பெயருக்கு மேல் உடுக்குறி போட்டு, "இருவர் பங்கும் சமம்" என்று அடியில் எழுதலாம்.

கணிதத்தில் இப்படி இல்லை, அங்கே அகரவரிசைதான் வழக்கம். ஓர் எண்ணை எத்தனை வழிகளில் கூட்டுத்தொகையாகப் பிரிக்கலாம் என்பது பற்றி 1918-இல் வெளிவந்த புகழ்பெற்ற கட்டுரையில் ஹார்டி பெயர் முதலிலும் ராமானுஜன் பெயர் இரண்டாவதிலும் இருக்கிறது. அதைப் பார்த்து ராமானுஜனுக்கு இரண்டாம் இடம் கொடுத்துவிட்டார்கள் என்று கோபப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே அந்த வரிசைக்கு ஆங்கில எழுத்துகளின் வரிசை என்பதைத் தாண்டிப் பொருள் இல்லை. பொருளாதாரத்திலும் நெடுங்காலமாக இதே வழக்கம்தான்.

உயர் ஆற்றல் இயற்பியல் இன்னொரு உலகம். ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி அட்லஸ், சிஎம்எஸ் என்ற இரு குழுக்களும் சேர்ந்து 2015-இல் வெளியிட்ட கட்டுரைக்கு 5,154 ஆத்தர்கள். மொத்தம் 33 பக்கம். அதில் 24 பக்கம் பெயர்களும் நிறுவனங்களும். நான்காவது நிபந்தனையை அங்கே ஒவ்வொருவரும் எப்படி நிறைவேற்றுவார்கள்? குழுவுக்குள் பல கட்டமாக நடக்கிற உள் மதிப்பாய்வுதான் அந்தப் பொறுப்பைச் சுமக்கிறது. தனி மனிதர் என்ற கருத்தே அங்கே தளர்ந்துவிடுகிறது.

சரி, இரண்டு பேர் மட்டும் என்றால் சிக்கல் இல்லையா? 1928 பிப்ரவரியில் கல்கத்தாவில் நடந்ததைப் பாருங்கள். ஒளிச்சிதறலில் புதிய கதிர்வீச்சு இருப்பதை அறிவித்து மார்ச் 31 நேச்சர் இதழில் வந்த குறிப்பில் இரண்டு பெயர்கள்: சி.வி. ராமன், கே.எஸ். கிருஷ்ணன். கிருஷ்ணன் வத்திராயிருப்பில் பிறந்தவர். சோதனைகளை நாள்தோறும் அமர்ந்து செய்தவர் அவர். அதே ஆண்டு மார்ச் 16-இல் பெங்களூரில் ராமன் ஆற்றிய உரை அவருடைய தனிப்பெயரில் அச்சானது. ஏப்ரல் 21-இல் நேச்சரில் வந்த அடுத்த குறிப்பும் ராமன் பெயரில் மட்டும். விளைவுக்கு ராமன் விளைவு என்று பெயர் வந்தது. 1930-இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும். பல ஆண்டுகளாக அந்தப் பிரச்சினையைத் துரத்தியவரும் கேள்வியை எழுப்பியவரும் ராமன்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அதேபோல் கிருஷ்ணனின் பங்கு கணிசமானது என்பதிலும் சந்தேகமில்லை. பிற்பாடு வரலாற்றை எழுதியவர்களுக்கு அந்த நாட்களைப் பற்றிய முக்கியச் சான்றாக நிற்பது எது தெரியுமா? கிருஷ்ணன் அப்போது எழுதி வைத்த நாட்குறிப்பு.

ஆகவே இந்தப் படியோடு சேர்த்து ஒரு வேலை சொல்கிறேன். ஆய்வகக் குறிப்பேட்டில் தேதி போட்டு எழுதுங்கள். யார் என்ன யோசனை சொன்னார், யார் எதைச் சரிபார்த்தார் என்பதும் அதில் இருக்கட்டும். நடுவில் தாள் செருகாதீர்கள், அடித்ததை அழிக்காதீர்கள்.

படி 4: வேலை தொடங்கும்போதே பேசி, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

நம் ஊரில் இது கடினமான படி. நெறியாளரிடம் போய் "சார், கட்டுரையில் யார் பெயர் முதலில் வரும்?" என்று கேட்பது மரியாதைக் குறைவு என்று மாணவர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை, கையெழுத்து அவர் கையில் இருக்கிறது. ஆனால் கேட்கும் விதம் இருக்கிறது. உரிமை கேட்பதாகத் தொடங்காமல் வேலையைப் பிரிப்பதாகத் தொடங்குங்கள்: "மேடம், இந்தக் கட்டுரைக்கு யார் யார் எந்தப் பகுதியைப் பார்க்கப் போகிறோம் என்று ஒரு பட்டியல் போட்டு வந்திருக்கிறேன். ஆத்தர் வரிசையையும் தற்காலிகமாக எழுதியிருக்கிறேன். நீங்கள் பார்த்துத் திருத்தித் தந்தால் அதன்படி போகிறேன்." பெரும்பாலான நெறியாளர்கள் இதை நல்ல பழக்கமாகவே எடுத்துக்கொள்வார்கள்.

அந்தப் பட்டியலுக்கு ஆயத்தமான வார்ப்பு ஒன்று இருக்கிறது. கிரெடிட் (CRediT) என்று அழைக்கப்படும் வகைப்பாடு, 2012-இல் ஹார்வர்டில் நடந்த ஒரு பயிலரங்கிலிருந்து வளர்ந்தது, 2022-இல் அமெரிக்கத் தர நிர்ணயமாகவே ஆகிவிட்டது. ஓர் ஆய்வில் இருக்கக்கூடிய பங்குகளை அது 14 ஆகப் பிரிக்கிறது: கருத்துருவாக்கம், முறையியல், மென்பொருள், சரிபார்த்தல், பகுப்பாய்வு, ஆய்வை நடத்துதல், வளங்கள் தருதல், தரவைப் பராமரித்தல், முதல் வரைவு எழுதுதல், மீள்பார்வையும் திருத்தமும், காட்சிப்படுத்தல், மேற்பார்வை, திட்ட நிர்வாகம், நிதி பெறுதல்.

ஒரு தாளில் இடப்பக்கம் இந்த 14-ஐயும், மேலே பெயர்களையும் எழுதிக் கட்டம் போடுங்கள். எந்தக் கட்டத்திலும் குறி விழாத பெயர் பட்டியலில் ஏன் இருக்கிறது என்ற கேள்வி தானாக எழும், நீங்கள் வாய் திறக்கவே வேண்டாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கிரெடிட் யார் என்ன செய்தார் என்று சொல்லும். யார் ஆத்தர் என்று முடிவு செய்யாது. ஒரு கட்டத்தில் குறி விழுந்தாலே ஆத்தர் என்று வாதிட்டால், முதல் படியின் நான்கு நிபந்தனைகளும் வீணாகிவிடும்.

உங்கள் ஆய்வேட்டிலிருந்து எடுத்த கட்டுரை என்றால் இன்னும் தெளிவான ஆதாரம் உண்டு. முனைவர் பட்ட ஆய்வேட்டைப் பெருமளவு அடிப்படையாகக் கொண்ட கட்டுரையில், விதிவிலக்கான சூழல் தவிர, மாணவரே முதன்மை ஆத்தராக இருக்க வேண்டும் என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறைத் தொகுப்பு சொல்கிறது. உங்கள் துறை வேறாக இருந்தாலும் மேற்கோளாகக் காட்ட இது நல்ல வாசகம்.

ஆய்வு நடுவில் திசை மாறும், ஆட்கள் வருவார்கள், போவார்கள். மாறும்போதெல்லாம் பட்டியலையும் மாற்றி எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

படி 5: உங்கள் பெயரை ஒரே மாதிரி எழுதுங்கள்

தமிழர்களுக்கு இந்தப் படி தனிச் சிக்கல், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து, பின்னால் நம் பெயர். ஆனால் உலகத்தின் ஆய்விதழ்ப் படிவம் ஒவ்வொன்றும் "குடும்பப் பெயர்" என்று ஒரு கட்டத்தைக் காட்டி, அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. மு. செல்வகுமார் என்ற மாணவர் என்ன செய்வார்? செல்வகுமார் தன் பெயர், மு அப்பாவுடையது, ஆகவே குடும்பப் பெயர் "மு" என்று நிரப்புவார். அப்புறம் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டுகிற எல்லோரும் அவரை "மு, செ." என்று எழுதுவார்கள். பெயர் முழுவதுமாகக் காணாமல் போய் இரண்டு எழுத்துதான் மிஞ்சும். இப்படி ஒற்றை எழுத்தாகச் சுருங்கிப்போன தமிழ்ப் பெயர்கள் தரவுத்தளங்களில் ஏராளம்.

தீர்வு எளிது. படிவத்தில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் உங்கள் சொந்தப் பெயரையும், முதற்பெயர் என்ற இடத்தில் இனிஷியலையோ அதன் விரிவையோ போடுங்கள். சுப்ரமணியன் சந்திரசேகர் என்பதில் சுப்ரமணியன் அப்பாவின் பெயர். உலகம் சந்திரசேகர் எல்லை என்றுதான் சொல்கிறது. சீனிவாச ராமானுஜனும் அப்படியே. சொந்தப் பெயர் கடைசியில் நின்றதால் சொந்தப் பெயரே நிலைத்தது. ஏற்கெனவே கடவுச்சீட்டில் வேறு மாதிரி இருக்கிறது என்றால் அதையே பின்பற்றுங்கள், தவறில்லை. எந்த வடிவமானாலும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து முதல் கட்டுரையிலிருந்து கடைசிக் கட்டுரை வரை அதிலேயே நில்லுங்கள். ஜெயலட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுத நான்கைந்து வழி உண்டு. ஒவ்வொரு கட்டுரையிலும் ஒரு வழி என்றால் கணினிக்கு அவர் நான்கைந்து பேர். திருமணத்துக்குப் பிறகு இனிஷியலை மாற்றிய பெண்களின் கட்டுரைகள் இரண்டு கணக்காகப் பிரிந்து கிடப்பதும் இதனால்தான்.

இதற்குத்தான் ஆர்கிட் (ORCID) எண் வந்தது. 2012 அக்டோபரில் தொடங்கிய சேவை, ஆய்வாளருக்குக் கட்டணம் இல்லை. 16 இலக்க எண் ஒன்று வாழ்நாள் முழுக்க உங்களுக்கென்று இருக்கும், பெயர் மாறினாலும் நிறுவனம் மாறினாலும் அது மாறாது. பதிவில் உங்கள் பெயரின் மற்ற வடிவங்களையும் சேர்த்து வைக்கலாம். பத்து நிமிட வேலை. இன்று இரவே செய்துவிடுங்கள்.

படி 6: அனுப்பும்போது

தொடர்பு ஆத்தர் யார் என்று முடிவு செய்யுங்கள். இதழோடு கடிதப் போக்குவரத்து நடத்துபவர், வெளியான பின் வருகிற கேள்விகளுக்குப் பதில் சொல்பவர் அவர். சில ஆண்டுகளில் செயலிழக்கிற கல்லூரி மின்னஞ்சலைக் கொடுத்துவிடாதீர்கள்.

பட்டியலில் உள்ள எல்லோரும் கடைசி வடிவத்தைப் படித்து "சரி" என்று எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். அனுப்பிய பிறகு ஒரு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ வேண்டுமானால், காரணத்தையும் எல்லா ஆத்தர்களின் எழுத்துபூர்வ ஒப்புதலையும் இதழ் கேட்கும். 1997-இல் தொடங்கப்பட்ட பதிப்பு நெறிமுறைக் குழு இதற்குப் படிப்படியான வழிமுறையே வைத்திருக்கிறது. மதிப்பாய்வு முடிகிற நேரத்தில் திடீரென்று புதுப் பெயர் நுழைந்தால் இதழாசிரியர்கள் சந்தேகப்படுவார்கள், அது நியாயமும்தான். ஆத்தர் இடம் விலைக்கு என்று வாட்ஸ்ஆப்பிலும் டெலிகிராமிலும் செய்திகள் சுற்றுகின்றன. அந்தப் பக்கம் போகவே போகாதீர்கள். 2023-இல் ஹிந்தாவி பதிப்பகம் மட்டும் 8,000-க்கு மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. போலிக் கட்டுரை ஆலைகளும் கெட்டுப்போன மதிப்பாய்வும் அதற்குப் பின்னால் இருந்தன. கட்டுரை திரும்பப் பெறப்பட்டாலும் பெயர் அங்கேயே தெரியும்.

சாட்ஜிபிடியை ஆத்தராகப் போடலாமா? 2023 தொடக்கத்தில் சிலர் போட்டுப் பார்த்தார்கள். அதே ஆண்டிலேயே பெரிய இதழ்களும் மேலே சொன்ன மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்கள் குழுவும் பதிப்பு நெறிமுறைக் குழுவும் கூடாது என்று சொல்லிவிட்டன. காரணம் நான்காவது நிபந்தனை: கேள்வி வந்தால் அதனால் பொறுப்பேற்க முடியாது. பயன்படுத்தியிருந்தால் எதற்கு, எப்படி என்று கட்டுரையில் சொல்லிவிடுங்கள். அது எழுதிய பிழைக்கும் நீங்களே பொறுப்பு.

படி 7: எப்படி எண்ணுகிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்

கட்டுரை வந்துவிட்டது. இனி உங்களை எண்ணத் தொடங்குவார்கள்.

நேர்காணலில் அதிகம் கேட்கப்படுவது ஹெச்-இண்டெக்ஸ். ஜோர்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் முன்வைத்தது. உங்கள் கட்டுரைகளில் 5 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 5 மேற்கோள் பெற்றிருந்தால் 5, 6 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 6 பெற்றிருந்தால் 6, இப்படி எட்டக்கூடிய மிகப் பெரிய எண்தான் அது. கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். உங்களுக்கு 9 கட்டுரைகள், பெற்ற மேற்கோள்கள் இறங்குவரிசையில் 40, 18, 9, 7, 5, 5, 2, 1, 0. வரிசை எண்ணையும் மேற்கோளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஐந்தாவது கட்டுரைக்கு 5 மேற்கோள், பொருந்துகிறது. ஆறாவதற்கும் 5தான், 6 இல்லை. ஆகவே உங்கள் ஹெச்-இண்டெக்ஸ் 5. முதல் கட்டுரை 40-க்குப் பதில் 400 மேற்கோள் பெற்றிருந்தாலும் இதே 5தான். இன்னொன்றும் கவனியுங்கள்: அந்த 9 கட்டுரைகளில் நீங்கள் முதல் ஆத்தரா, நாற்பதாவது ஆத்தரா என்று இந்த எண்ணுக்குத் தெரியாது. 5,154 பேர் எழுதிய கட்டுரை ஒவ்வொருவர் கணக்கிலும் முழுதாக ஒன்று என்றே ஏறும்.

இதைச் சரிசெய்யத்தான் பின்ன முறையில் எண்ணுவது வந்தது. 4 ஆத்தர் என்றால் ஆளுக்கு 0.25. தனியாக 2 கட்டுரை எழுதியவருக்கு 2. ஆறு ஆறு பேராக 6 கட்டுரை எழுதியவருக்கு 1. சாதாரண எண்ணிக்கையில் இரண்டாமவர் மூன்று மடங்கு முன்னால் இருப்பார், இந்த முறையில் பாதிதான். ஆனால் உழைப்பு சமமாகப் பிரிந்தது என்று இந்த முறையும் கற்பனை செய்துகொள்கிறது.

இந்தியக் கல்லூரிகளில் ஆசிரியர் வேலைக்குப் போகிறவர்கள் யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறையில் உள்ள புள்ளிக் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். மொழிகள், கலை, சமூக அறிவியல் துறைகளில் ஒரு கட்டுரைக்கு 10 புள்ளி, அறிவியல் துறைகளில் 8. இரண்டு ஆத்தர் என்றால் இருவருக்கும் 70 விழுக்காடு. மூன்றும் அதற்கு மேலும் என்றால், முதல் அல்லது முதன்மை அல்லது தொடர்பு ஆத்தருக்கு 70, மற்ற ஒவ்வொருவருக்கும் 30. இதைப் போட்டுப் பார்த்தால் இரண்டு விஷயம் தெரியும். 10 புள்ளிக் கட்டுரையை நீங்களும் இன்னொருவரும் எழுதினால் ஆளுக்கு 7. மரியாதைக்காக மூன்றாவதாக ஒருவர் பெயரைச் சேர்த்தால், இரண்டாவதாக இருந்தவரின் 7 சட்டென்று 3 ஆகிறது. அதே நேரத்தில் ஐந்து பேர் சேர்ந்தால் 7-உம் நான்கு மூன்றுமாக மொத்தம் 19. பத்துப் புள்ளிக் கட்டுரையிலிருந்து 19 புள்ளி! பெயர் சேர்க்கச் சொல்லி வரும் வற்புறுத்தலுக்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

இம்பாக்ட் ஃபேக்டர் ஆளை அளப்பதே இல்லை, அது இதழை அளப்பது. ஓர் இதழில் கடந்த இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகள் இந்த ஆண்டு சராசரியாக எத்தனை மேற்கோள் பெற்றன என்ற கணக்கு. இதழின் சராசரியை வைத்து ஒரு தனிக் கட்டுரையையோ தனி மனிதரையோ எடைபோடக் கூடாது என்று 2012 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் உருவான பிரகடனம் சொல்கிறது. உலகெங்கும் ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் அதில் கையெழுத்திட்டிருக்கின்றன.

விண்ணப்பம் போடும்போது எண்களோடு நிறுத்திவிடாமல், முக்கியமான மூன்று கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் கீழும் "இதில் என் பங்கு" என்று இரண்டு வரி எழுதுங்கள். நடுவில் இருக்கும் பெயருக்கும் அந்த இரண்டு வரி குரல் கொடுக்கும்.

படி 8: தகராறு வந்தால்

முதலில் எழுதப்பட்ட சான்றுகளைத் திரட்டுங்கள்: குறிப்பேடு, மின்னஞ்சல், வரைவுகளின் பழைய வடிவங்கள், படி 4-இல் போட்ட கட்டம். பிறகு நேரில் பேசுங்கள், கோபம் ஆறிய பிறகு. பேசியதை அன்றே சுருக்கமாக மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். தீரவில்லை என்றால் துறைத் தலைவர், ஆய்வுக் குழு, பல்கலைக்கழகத்தின் ஆய்வு நேர்மைக் குழு என்று ஏறுங்கள். இதழுக்கு எழுதலாம், ஆனால் யார் ஆத்தர் என்று இதழ் தீர்ப்புச் சொல்லாது. நிறுவனத்தை விசாரிக்கச் சொல்லும், முடிவு தெரியும்வரை கட்டுரையை நிறுத்திவைக்கும். இதழுக்கு எழுதும் கடிதத்தில் குற்றச்சாட்டு வேண்டாம்; நீங்கள் செய்த வேலை, அதற்கான தேதி, அதற்கான சான்று, நீங்கள் கேட்கும் திருத்தம், இந்த நான்கும் போதும்.

வெளியான பிறகும் வழி உண்டு. ஆத்தர் பெயரைச் சேர்க்கும் திருத்தக் குறிப்பை இதழ் வெளியிடலாம். அது மூலக் கட்டுரையோடு இணைக்கப்பட்டு நிலையாக நிற்கும். என் நண்பருக்கு இது தெரியவந்தபோது 6 ஆண்டுகள் ஓடியிருந்தன. அந்தப் பென்சில் சீட்டுகள் ஒட்டிய குறிப்பேட்டை மட்டும் அவர் தூக்கிப் போடவில்லை. சாயப்பட்டறை வாய்க்காலின் படம் அவர் கைப்பட அதில் இருக்கிறது, தேதியோடு. போன மாதம் அந்தப் பக்கத்தை ஸ்கேன் செய்து, கடிதத்தோடு இணைத்து அனுப்பியிருக்கிறார்.